ஷாவ்லின் படம் வாங்குமுன் பெட்டியின் முதுகைப் படியுங்கள்

1978இல் ஹாங்காங்கில் வெளியான 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவ்லின்' படத்தை விசிடி, டிவிடி, ப்ளூரே என்று வந்த வடிவங்களிலெல்லாம் வாங்கியிருக்கிறேன். இதற்காக வீட்டில் பேச்சு வாங்கியதும் உண்டு. ஒரே படத்தை எத்தனை முறைதான் வாங்குவீர்கள் என்ற கேள்விக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: அவை ஒரே படம் அல்ல. ஒன்றில் பாதிப் படம் காணாமல் போயிருக்கும். ஒன்றில் எல்லோரும் சற்று அவசரமாக நடப்பார்கள். இன்னொன்றில் குத்து விழும் ஓசை, இருபது முப்பது ஆண்டு கழித்து யாரோ சேர்த்ததாக இருக்கும். குங்ஃபூ படத்தில் அகலமும் வேகமும் ஓசையும் கெட்டுவிட்டால் மிஞ்சுவது கதை மட்டும். இந்த வகைப் படங்களில் கதைக்காக யாரும் காசு கொடுப்பதில்லை.

கதையையும் சொல்லிவிடுகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும். சீனாவை ஆண்ட மஞ்சு ஆட்சிக்கு எதிராகக் கிளம்பிய மாணவர்களில் ஒருவன், படைத்தலைவன் நடத்தும் கொலைகளில் தன்னைச் சேர்ந்தவர்களை இழந்து ஷாவ்லின் மடத்துக்குத் தப்பி ஓடுகிறான். அங்கே தலைமழித்து சான் தே என்ற பெயரோடு 35 பயிற்சி அறைகளையும் கடக்கிறான். பொதுமக்களுக்குக் கற்றுக்கொடுக்க 36ஆவதாக ஓர் அறை வேண்டும் என்று கேட்கிறான். மடம் அவனை வெளியே அனுப்புகிறது. அது தண்டனையா ஆசீர்வாதமா என்பதைப் பார்ப்பவர் முடிவு செய்துகொள்ளலாம். சான் தேயாக கோர்டன் லியூ, படைத்தலைவனாக லோ லியே. இயக்கியவர் லாவ் கார்-லியுங். சண்டை அமைப்பாளராக இருந்து இயக்குநரானவர். புகழ்பெற்ற குங்ஃபூ ஆசான் வோங் ஃபெய்-ஹுங்கின் சீடர் லாம் சாய்-விங்கிடம் கற்றவர் இவருடைய தந்தை. ஆகவே படத்தில் வரும் பயிற்சி எழுத்தாளர் ஒருவர் மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்ததாகத் தெரிவதில்லை. பழிவாங்கலை விட்டுவிட்டுப் பயிற்சியையே படத்தின் நடுக்கூடமாக வைத்ததுதான் இவர் செய்த புதுமை.

ஷாவ்லின் என்றதும் நம்மவர்களில் பலர் போதிதர்மரை இழுத்துக்கொண்டு வருவார்கள். இந்தப் படத்துக்கு அவர் தேவையில்லை. தமிழ்த் தொடர்பு வேண்டுமென்றால் வேறு இடத்தில், அதுவும் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது.

இந்தப் படத்தைத் தயாரித்த ஷா சகோதரர்களில் ரன்மியும் ரன் ரன்னும் 1920களில் சிங்கப்பூருக்கு வந்து திரையரங்குத் தொழிலை வளர்த்தவர்கள். ஜாலான் அம்பாஸில் இருந்த அவர்களுடைய ஸ்டுடியோவில் மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பி.எஸ். ராஜ்ஹன்ஸ், எல். கிருஷ்ணன் போன்ற இந்தியர்கள் உண்டு. மலாய்த் திரையின் பெரும் நட்சத்திரமான பி. ரம்லி கதாநாயகனாக நடித்த 'பக்தி' படம் எல். கிருஷ்ணன் இயக்கியதுதான். பின்னர் ரன் ரன் ஷா ஹாங்காங்குக்குப் போய் கிளியர்வாட்டர் பேயில் பெரும் படநகரத்தையே கட்டினார். அங்கே எடுத்த நூற்றுக்கணக்கான படங்களின் நெகட்டிவ்கள் நெடுங்காலம் கிடங்கில் முடங்கின. ஒழுங்கான வீடியோ வெளியீடு மிகக் குறைவு. என் தலைமுறைக்குக் கிடைத்ததெல்லாம் நகலின் நகல். 2000இல் ஏறத்தாழ 760 படங்கள் கொண்ட அந்தத் தொகுப்பை வாங்கியது செலஸ்டியல் பிக்சர்ஸ். அது மலேசியாவின் அஸ்ட்ரோ குழுமத்தைச் சேர்ந்தது. அந்தக் குழுமத்தின் முதலாளி, 2024இல் மறைந்த ஆனந்த கிருஷ்ணன், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 2002 இறுதியிலிருந்து சீரமைக்கப்பட்ட படங்கள் வட்டுகளாக வரத் தொடங்கின. ஈப்போவில் என் பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஆனால் அடுத்த வாரமே தன் தம்பியிடம், தானே கண்டுபிடித்ததைப் போல அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி அகலத்துக்கு வருகிறேன். ஷா படங்கள் பெரும்பாலும் ஷாஸ்கோப் என்ற அகலத்திரை முறையில் எடுக்கப்பட்டவை. உயரம் ஒன்று என்றால் அகலம் 2.35. பழைய தொலைக்காட்சியின் அகலமோ 1.33. திரை முழுவதையும் நிரப்ப வேண்டும் என்று வெட்டினால் படத்தில் 43 சதவீதம் போய்விடும். இந்தப் படத்தில் அது என்ன செய்கிறது தெரியுமா? சான் தே இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, இரண்டிலும் தண்ணீர் வாளிகளோடு மேடேறுகிறான். மேல்கைகளில் கத்திகள் கட்டியிருக்கின்றன. கை தாழ்ந்தால் கத்தி விலாவில் இறங்கும். கோர்டன் லியூவின் ஒரு கையின் விரல்நுனியிலிருந்து மறு கையின் விரல்நுனிவரை திரை நிறைய இருக்க வேண்டிய காட்சி அது. வெட்டிய பதிப்பில் முகமும் மார்பும் மட்டும் தெரியும்; வாளிகள் இரண்டும் வெளியே. ஏன் இந்த மனிதர் இப்படி முகம் சுளிக்கிறார் என்று சிறு வயதில் எனக்கே புரியாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். லாவ் கார்-லியுங் உடம்பு முழுவதும் தெரியும்படி தள்ளி நின்று, வெட்டாமல் நீளமாக எடுக்க விரும்புகிறவர். அவருடைய படத்தை ஓரம் வெட்டுவது மற்றவர்களுடைய படத்தை வெட்டுவதைவிட மோசம்.

அகலம் முழுதாக இருந்தால் மட்டும் போதாது, படம் எத்தனை கிடைவரிகளால் ஆனது என்று பார்க்க வேண்டும்; வரி கூடக் கூட விவரம் கூடும். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான விசிடியில் மொத்தமே 288 வரிகள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை போக, அகலப் படத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 163. அகலத்திரைக்கென்று சரியாகத் தயாரித்த, என்டிஎஸ்சி (NTSC) என்ற இன்னொரு தொலைக்காட்சி முறைக்கான டிவிடியில் சுமார் 363. ப்ளூரேயில் சுமார் 817. இந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரியும் இடம் சாப்பாட்டுக்கூடத்துக்கு முன்னால் வரும் தண்ணீர்த் தொட்டி. மிதக்கும் கட்டைகளில் கால் வைத்துத் துறவிகள் தாண்டிப் போகிறார்கள், சான் தே ஒவ்வொரு தடவையும் உள்ளே விழுகிறான். விசிடியில் அவன் விழுவது தெரியும்; எதனால் விழுகிறான் என்பது தெரியாது. ப்ளூரேயில் கட்டை எந்தப் பக்கம் அமிழ்கிறது, பாதம் அதன் மேல் எங்கே படுகிறது என்பதுவரை தெரிகிறது. கடைசியில் அவன் தாண்டும்போது என்ன மாறியிருக்கிறது என்று காலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பெட்டியின் பின்புறத்தில் '2.35:1' என்றும் '16:9' என்றும் இரண்டும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது மட்டும் இருந்தால் பழைய சதுரத் தொலைக்காட்சிக்குத் தயாரித்த டிவிடியாக இருக்கக்கூடும். இன்றைய திரையில் அது நான்கு பக்கமும் கறுப்புச் சட்டம் போட்டுக்கொண்டு நடுவில் சின்னதாக உட்கார்ந்திருக்கும்.

வேகம் இதைவிட நுணுக்கமான விஷயம். திரையரங்கில் படம் நொடிக்கு 24 சட்டங்களில் (ஃப்ரேம்களில்) ஓடுகிறது. பால் முறை 25. பால் டிவிடிக்கு மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் படத்தை அப்படியே 25இல் ஓட்டிவிடுவார்கள். நான்கு சதவீத வேகம் கூடும், குரல்களும் கொஞ்சம் கீச்சென்று ஏறும். குடும்பப் படத்தில் இது யாருக்கும் உறைக்காது. குங்ஃபூ படத்தில் மட்டும் ஏன் உறைக்கிறது என்றால், சண்டைக் காட்சிகளில் வேகம் காட்டுவதற்காக கேமராவை 22 அல்லது 20 சட்டத்தில் ஓட்டி எடுக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது. ஏற்கெனவே அளந்து கூட்டிய வேகத்தின் மேல் இன்னும் நான்கு சதவீதம் ஏறும்போது வீரம் கேலிக்கூத்தின் பக்கம் சாய்கிறது. கண்டுபிடிப்பது எளிது. ஓட்ட நேரத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 115 நிமிடம் இருக்க வேண்டிய படம் 110 நிமிடம் என்று போட்டிருந்தால், ஒன்று வெட்டியிருக்கிறார்கள், அல்லது விரட்டியிருக்கிறார்கள்.

பால் முறையில் தயாரித்ததை மறுபடி என்டிஎஸ்சிக்கு மாற்றிய வட்டுகள் இன்னொரு தொல்லை. என்னிடம் இருந்த ஒரு டிவிடி அப்படிப்பட்டது. தயாரித்தவர் யார் என்பது இங்கே முக்கியமில்லை. 'சீரமைக்கப்பட்டது' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தார்கள். நிறம் அருமை, கீறல் ஒன்றும் இல்லை. ஆனால் ஓடும்போது ஏதோ மங்கல். மடத்தின் ஒழுங்கு அதிகாரியோடு சான் தே மோதும் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எதிராளி கைக்கு ஒன்றாகக் குட்டைக் கத்திகள் வைத்திருக்கிறார். தோற்றுத் தோற்று, கடைசியில் சங்கிலியால் இணைத்த மூன்று துண்டுக் கோலைத் தானே உண்டாக்கிக்கொண்டு வந்து சான் தே ஜெயிக்கிறான். கோல் சுழலும் இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சட்டமாக நகர்த்திப் பார்த்தேன். ஒரே கோல் இரண்டு இடத்தில், ஒன்று கெட்டியாகவும் ஒன்று ஆவிபோலவும் தெரிந்தது. அடுத்த சட்டத்திலும் அப்படியே. இந்த முறைகளில் ஒவ்வொரு சட்டமும் இரண்டு பாதிகளாகக் காட்டப்படும்; நொடிக்கு 50 பாதிச் சட்டங்களை 60 ஆக்குவதற்காக அக்கம்பக்கத்துச் சட்டங்களைக் கலந்துவிட்டிருக்கிறார்கள். புதிய வட்டு எது வாங்கினாலும் நான் முதலில் செய்கிற சோதனை இதுதான்: வேகமாக அசையும் கை ஒன்றில் நிறுத்துவது. முஷ்டி இரண்டாகத் தெரிந்தால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கடைக்குத் திரும்பிவிட வேண்டும்.

வட்டு நன்றாக இருந்தும் தொலைக்காட்சி கெடுக்கும். அக்கா மகன் புதிதாக வாங்கிய பெரிய திரையில் என் ப்ளூரேயைப் போட்டுப் பார்த்துவிட்டு அழைத்தான்.

"மாமா, உங்கள் வட்டில் ஏதோ கோளாறு. தொலைக்காட்சி நாடகம் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது."

"வட்டை விடு. படம் என்ற பட்டியலுக்குள் போய், அசைவைச் சீராக்குவது மாதிரி ஏதாவது இருக்கிறதா பார்."

"இருக்கிறது. உச்சத்தில் இருக்கிறது."

"அதை அணை. கூர்மையையும் பாதிக்குக் கீழே இறக்கு."

இல்லாத சட்டங்களைத் தொலைக்காட்சியே கற்பனை செய்து இடையில் செருகும் வசதி அது. கிரிக்கெட்டுக்கு நல்லது, இந்தப் படத்துக்கு நஞ்சு. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருப்பதால் தேடித்தான் பிடிக்க வேண்டும். 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்று ஒன்று இருந்தால் அதை மட்டும் போட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக அணைந்துவிடும்.

ஓசைக்கு வருவோம். அந்நாளைய ஷா படங்களில் படப்பிடிப்புத் தளத்து ஒலியைப் பதிவதில்லை. குரல், அடி, உடை உரசல் எல்லாமே பிறகு ஸ்டுடியோவில் சேர்த்தவை. எல்லாம் ஒரே மோனோ தடத்தில், அதாவது ஒற்றை ஒலித்தடத்தில். டிவிடி காலத்தில் 5.1 ஒலி (சுற்றிலும் வைத்த பல ஒலிபெருக்கிகளுக்கு ஒலியைப் பிரித்துத் தருவது) இல்லாத வட்டு விற்காது என்ற எண்ணம் பரவியதால், பல பழைய படங்களுக்குப் புது ஓசைகள் சேர்த்துக் கலவை செய்தார்கள். வாள் உரசினால் இன்றைய கணினி விளையாட்டின் ஒலி, நடந்தால் வேறு படத்தின் காலடி. இதில் எனக்கு விட்டுக்கொடுத்தலே கிடையாது. நீண்ட கோலின் முனையில் கட்டிய எடையால் சான் தே மணியை அடிக்கும் அறை ஒன்று வருகிறது. மணிக்கட்டுக்கான பயிற்சி. அந்தக் காட்சி முழுவதும் தாளம்தான். அடி தளர்வதும் இறுகுவதும் காதுக்கு முதலில் தெரிந்து, பிறகுதான் கண்ணுக்கு வருகிறது. அங்கே பின்னாள் ஓசை ஒன்றை ஒட்டினால் பயிற்சியே பொய்யாகிவிடும். ஆகவே பெட்டியில் 'மோனோ' என்ற சொல்லைத் தேடுங்கள். 5.1 மட்டும் இருந்து மோனோ இல்லாவிட்டால், விலை பாதியாக இருந்தாலும் வேண்டாம்.

படச் சுத்திகரிப்பிலும் இதே அத்துமீறல் நடக்கிறது. ஃபிலிமுக்கு இயல்பான மணல் தன்மையை அழுக்கு என்று நினைத்து வழித்து எடுத்துவிடுவார்கள். சோதிக்கச் சிறந்த இடம் கோர்டன் லியூவின் மழித்த தலை. நல்ல பதிப்பில் அருகாமைக் காட்சியில் முளைக்கத் தொடங்கிய மயிர்க்கால்களும், அவற்றின் நடுவே நிற்கும் வியர்வைத் துளிகளும் தனித்தனியாகத் தெரியும். வழித்த பதிப்பில் அது புளி போட்டுத் தேய்த்த செம்புபோல் பளபளக்கும். தலையின் இருபுறமும் ஊதுபத்திகளை நட்டு, தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் வெளிச்சத்தைப் பின்தொடரச் சொல்லும் அறையிலும் இதைப் பார்த்துக்கொள்ளலாம். புகையின் இழைகள் கலங்கி ஒரே பூச்சாகத் தெரிந்தால், சுத்தம் செய்தவர் அளவு மீறியிருக்கிறார்.

துணைத்தலைப்பு பற்றி ஒரு வரி: மாண்டரின் பேச்சுக்கு நேராக எழுதியதா, ஆங்கில டப்பிங் வசனத்தை அப்படியே பெயர்த்து ஒட்டியதா என்று பாருங்கள். திரையில் ஒருவர் நான்கு நொடி பேச, கீழே இரண்டே சொல் வந்து போனால் ஒட்டியதுதான்.

ஒரு வட்டு எந்த நாட்டுக் கருவிகளில் ஓடும் என்று பூட்டும் மண்டலக் குறியீட்டில் நம்மவர்கள் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டிவிடிக்கு மலேசியா, சிங்கப்பூர், ஹாங்காங் எல்லாம் மண்டலம் 3. இந்தியாவுக்கு 5, இலங்கையும் அதில்தான். ப்ளூரேக்கு மலேசியா, சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்கா எல்லாம் ஏ. ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி. இந்தியாவும் இலங்கையும் சி. ஆகவே சென்னையில் இருக்கிற உறவினருக்கு நான் வாங்கி அனுப்புவதானால், எல்லா மண்டலத்துக்கும் திறந்த வட்டா என்று பார்த்துத்தான் அனுப்புகிறேன். டிவிடி கருவிகள் பலவற்றில் தொலைவியக்கியிலேயே மண்டலப் பூட்டை நீக்க முடியும். ப்ளூரே கருவிகளில் அது அத்தனை எளிதல்ல. ப்ளூரேயைவிடக் கூர்மையான 4கே வட்டுகளுக்கு மண்டலமே கிடையாது என்பது ஒரு நிம்மதி.

எந்தப் பதிப்பை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: 2022இல் ஆரோ வீடியோ என்ற பிரிட்டிஷ் நிறுவனம் வெளியிட்ட 'ஷாஸ்கோப்' இரண்டாம் தொகுதியில் 14 படங்கள் இருக்கின்றன. 1978 படத்தோடு, அதன் தொடர்ச்சியாக 1980இலும் 1985இலும் வந்த இரண்டும் அதில் உண்டு. பல படங்கள் அசல் நெகட்டிவிலிருந்து 2கே அளவில் (அகலத்தில் ஏறத்தாழ 2,000 புள்ளிகள்) புதிதாகப் பிரதி எடுத்தவை. விலை கூடுதல்தான், ஆனால் படத்துக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. இந்த மாதிரிப் பெட்டிகள் அளவாகத்தான் அச்சாகும். தீர்ந்த பிறகு மறுவிற்பனையில் தேடினால் விலை ஏறியிருக்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிற மலேசியர்கள் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2024 ஜனவரி முதல், இணையத்தில் வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட வெளிநாட்டுப் பொருள்களுக்கும் 10 சதவீத விற்பனை வரி உண்டு. கனமான பெட்டிக்குத் தபால் செலவே தனி வயிற்றெரிச்சல். நானும் இன்னும் இரண்டு நண்பர்களும் சேர்ந்தே வரவழைக்கிறோம்.

பழைய விஎச்எஸ் நாடாக்களை வைத்திருப்பவர்கள் அவற்றை உடனே கருவிக்குள் திணிக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் பூசணம் பிடித்திருக்கும். நாடாவின் கண்ணாடிச் சாளரம் வழியே பாருங்கள். சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால், அதை ஓட்டியதும் கருவியின் தலைப்பகுதி அழுக்காகி, அடுத்துப் போடும் நல்ல நாடாவுக்கும் பூசணம் தாவும். வட்டுகளைத் துடைக்கும்போது சுற்றிச் சுற்றித் தேய்க்காமல் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாக விழும் கீறல் ஒரே தடத்தில் நீளமாக ஓடுவதால் கருவியால் அதைச் சரிக்கட்ட முடிவதில்லை.

ஆங்கில டப்பிங்கைப் பலர் ஏளனம் செய்கிறார்கள். நானும் படத்தை அதில் பார்ப்பதில்லை. ஆனாலும் அந்தத் தடம் இல்லாத பதிப்பை வாங்கவும் மாட்டேன். அமெரிக்காவில் 'மாஸ்டர் கில்லர்' என்ற பெயரில் மலிவுத் திரையரங்குகளிலும் தொலைக்காட்சியிலும் இந்தப் படம் பரவியது அந்தக் குரல்களோடுதான். நியூயார்க் இளைஞர்கள் சிலர் 1993இல் தங்கள் முதல் ராப் ஆல்பத்துக்கு இந்த அறைகளின் பெயரை வைத்ததும் அதனால்தான். அந்த வூ-டாங் குழுவின் ரிஸா (RZA), ஓர் அமெரிக்க டிவிடி பதிப்புக்கு விமர்சகர் ஆண்டி க்ளைனோடு உட்கார்ந்து விளக்கவுரையே பேசியிருக்கிறார். பழைய கடைகளில் டிராகன் டைனஸ்டி என்ற பெயரோடு அந்த டிவிடி கண்ணில் பட்டால், படத்துக்காக இல்லாவிட்டாலும் அந்தப் பேச்சுக்காக எடுத்துக்கொள்ளுங்கள். அது அமெரிக்காவுக்கான மண்டலம் 1 வட்டு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.